மூன்றாவது மணிக்குப் பிறகு

யார் வந்து கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "கதவு சாத்தியாச்சு." வந்தவர் தமிழர் என்றால் தமிழில் சொல்வார், சீனர் என்றால் ஹொக்கியனில், மலாய்க்காரர் என்றால் மலாயில், தோளில் பையோடு வந்த வெள்ளைக்காரர் என்றால் இங்கிலீஷில். மொழிதான் மாறும், முகம் மாறாது. கெஞ்சினாலும் அதட்டினாலும் அதே முகம்தான்.

ஜார்ஜ்டவுனில் கடலுக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு பழைய அரங்கத்தின் வாசலில் அவர் நின்றார். அரிசி வியாபாரத்தில் பணம் பார்த்த சீன முதலாளி ஒருவர் எந்தக் காலத்திலோ கட்டிய கட்டடம். கொஞ்ச நாள் அதில் படம் ஓட்டினார்களாம். நான் பார்க்கத் தொடங்கியபோது அது ஊரில் எல்லாருக்கும் பொதுவான மேடையாகிவிட்டிருந்தது. ஒரு வாரம் ஹொக்கியன் ஒபேரா, மறுவாரம் மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகம், அதற்கடுத்து தேவாலயத்துப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் பாட்டு, பிறகு நம்முடைய பொங்கல் கலை விழா. அந்தக் கட்டடத்துக்கு ஒரு பெரிய பெயர் உண்டு. நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. ஹால் என்றால் அந்த ஹால்தான். அவரையும் அப்படித்தான் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மலாய்க்காரர்களுக்கு அவர் காக் பிந்து, அதாவது கதவு அக்கா. நடனம் பழகிய எங்களுக்குக் கதவு ஆண்டி.

என் அப்பா நான் ஆடியதை வாழ்நாளில் ஒரே ஒருமுறை பார்த்தார். அந்த ஹாலில், என் அரங்கேற்றத்தன்று. பார்த்தார் என்றுதான் போன தீபாவளி வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே இவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அப்பாவும் கூடவே வந்து நிற்கிறார். நிற்கட்டும். முதலில் இவரைச் சொல்லிவிடுகிறேன்.

குட்டையான உருவம், கறுத்த நிறம், கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலியில் சிலுவை. தமிழ் நிகழ்ச்சி என்றால் பருத்திப் புடவை, மலாய் நிகழ்ச்சி என்றால் பாஜு கூரோங், சீன ஒபேரா என்றால் சிவப்பு பிளவுஸும் கறுப்புப் பாவாடையும். "வர்றவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நாம போறாப்புல நிக்கணும்லா" என்பார். கையில் ஒரு பித்தளை மணி. முதல் மணிக்கு வெளியே நிற்பவர்கள் உள்ளே வர வேண்டும். இரண்டாவது மணிக்கு உட்கார வேண்டும். மூன்றாவது மணி அடித்ததும் உள்ளே விளக்கு அணையும். அவர் வெளியே வந்து இரட்டைக் கதவை இழுத்துச் சாத்தி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அதற்குப் பிறகு இடைவேளை வரைக்கும் அந்தக் கதவு யாருக்கும் திறக்காது.

நம் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அழைப்பிதழில் ஆறரை என்று போட்டால் ஆறரைக்குத்தான் குளிக்கவே போவோம். சீனர்களும் மலாய்க்காரர்களும் மட்டும் என்ன, அவர்களும் கொஞ்சம் இழுப்பார்கள். ஆனால் நமக்கு ஈடாகாது. அவர் இதற்கென்று ஒரு வழி வைத்திருந்தார். தமிழ் நிகழ்ச்சி நாட்களில், முதல் மணிக்கு முன்னால், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூலைக்கடைக்கு நடப்பார். அங்கே தே தாரிக் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசும் கூட்டத்தின் நடுவில் போய் நின்று மணியை அடிப்பார்.

"டீய அப்புறம் வந்து குடிச்சிக்கலாம். எந்திரிங்க. உள்ள புள்ளைங்க சலங்கை கட்டி நிக்குது."

"இன்னும் டைம் இருக்குதேக்கா."

"ஒங்களுக்கு இருக்கு. கதவுக்கு இல்ல."

பாதிப் பேர் எழுந்து வருவார்கள். மீதிப் பேர் சிரித்துக்கொண்டே இன்னொரு டீ சொல்வார்கள். அந்த மீதிப் பேர்தான் பிறகு வாசலில் வந்து நின்று அவரோடு மல்லுக்கட்டுவார்கள்.

ஒரு முறை ஒரு பெரிய மனிதர். பெயர் வேண்டாம், கொடி வைத்த காரில் வருகிறவர். பொங்கல் விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். அவர் வராமல் குத்துவிளக்கு ஏற்றக் கூடாது என்பது விழாக் குழுவின் முடிவு. அவர் வராவிட்டாலும் மூன்றாவது மணி அடிக்கும் என்பது இவருடைய முடிவு. மணி அடித்தது. செயலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு, முன்வரிசையில் இருந்த யாரோ ஒரு பாட்டியைக் கூப்பிட்டு விளக்கை ஏற்ற வைத்தார். பெரிய மனிதர் வந்து சேர்ந்தபோது கதவுக்கு முன்னால் கதவு ஆண்டி.

கூட வந்த உதவியாளர் குதித்தார். "யாருன்னு தெரியுமா இவரு?"

"தெரியும் தம்பி. பேப்பர்ல பாத்திருக்கேன். ஐயா, உக்காருங்க. இடைவேளை வந்துரும்."

அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பிஸ்கட் டின்னையும் திறந்து நீட்டினார். பெரிய மனிதர் என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஏற்கெனவே பிந்தி வந்து நாற்காலி வாங்கியிருந்த திரிஷா மிதிக்கிற ஒருவர் அவரிடம் தன் முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். வெளியே நிறுத்துகிறவர்களை அவர் அப்படித்தான் கவனிப்பார். மழையில் நனைந்து வந்தால் துண்டு, குழந்தையோடு வந்தால் விசிறி, வயதானவர்கள் என்றால் தன் நாற்காலியே. உள்ளே மட்டும் விடமாட்டார். அந்தத் தேநீருக்காகவே சிலர் பிந்தி வருகிறார்கள் என்று எங்கள் நடன டீச்சர் கிண்டல் செய்வார்.

சீனர்களுக்கு ஏழாம் மாதம் ஆவிகளின் மாதம். அந்த மாதத்தில் நடக்கும் ஒபேராவுக்கு முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள். அது செத்துப்போனவர்கள் வந்து உட்காரும் இடம். ஒருநாள் ஒத்திகைக்குப் போனபோது, அந்த வரிசை நாற்காலிகளை அவர் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர்.

"நீங்க இதெல்லாம் நம்புறீங்களா ஆண்டி?" என்று கேட்டேன்.

"நம்புறேனோ இல்லியோ, டிக்கெட் எடுத்தவங்களுக்குச் சீட்டு சுத்தமா இருக்கணும்" என்றார். பிறகு துணியைப் பிழிந்துகொண்டே, "அதோட இவங்க ஒருத்தங்கதான்மா இந்த ஊர்ல டைமுக்கு வர்றாங்க" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

இந்தப் பிடிவாதம் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. அது வந்த நாளில் நான் அங்கே இருந்தேன். எங்கள் டீச்சரின் மூத்த மாணவி ஒருத்திக்கு அரங்கேற்றம். நாங்கள் சின்னப் பிள்ளைகள், மேடை ஓரத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அக்கா தாலாட்டுக்கு அபிநயம் பிடித்துக்கொண்டிருந்தார். இல்லாத தொட்டிலை ஆட்டுகிறார், இல்லாத பிள்ளையின் நெற்றியில் பொட்டு வைக்கிறார். அரங்கமே மூச்சுவிடாமல் இருந்தது. அப்போது கதவு திறந்து தெருவிளக்கு உள்ளே விழுந்தது. ஒரு குடும்பம் வந்தது. முறுக்குப் பொட்டலத்தோடு மேடைக்கு நேர் முன்னால் வரிசையாக நடந்தார்கள். "ஏய், இங்க நாலு சீட்டு இருக்கு, வாங்க" என்று யாரோ கூவினார்கள். மேடையில் தொட்டிலை ஆட்டிய கை நின்றது. பாட்டு போய்க்கொண்டே இருந்தது. அந்த அக்கா கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்.

ஒப்பனை அறையில் அவரைச் சமாதானப்படுத்த யாராலும் முடியவில்லை. டீச்சர் கூட வெளியே போய் அழுதுகொண்டிருந்தார். கதவு ஆண்டிதான் ஒரு கோப்பை மைலோவோடு வந்து, அந்த அக்காவுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்தார்.

"இனிமே ஆடுற புள்ள முகத்துக்கு முன்னால ஒரு ஆளு நடக்க மாட்டாங்கம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்துதான் மூன்றாவது மணி. நிர்வாகக் குழு முணுமுணுத்தது. புகார்கள் வந்தன. ஒபேரா குழுவின் முதலாளி ஒருவர் மட்டும், இப்படி ஓர் ஆள் வாசலில் இருந்தால் எந்த நாடகமும் இங்கேதான் போடுவேன் என்று சொல்லிவிட்டதால் குழு அடங்கியது. எங்களுக்கு அவர் காவல் தெய்வம் மாதிரி. மேடையில் ஏறும்போது கதவு சாத்தும் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தைரியம் வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கதவுக்கு வெளியே நிற்கிறவருக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. அத்தனை வருஷமாக அத்தனை ஆட்டமும் பாட்டும் நாடகமும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் நடந்தன. கைத்தட்டலை வைத்தே நிகழ்ச்சி எப்படி என்று சொல்லிவிடுவார். "இன்னிக்கி ரெண்டாவது ஆட்டம் நல்லா இருந்திருக்குமே" என்பார். சரியாகத்தான் இருக்கும். ஒரு தடவை நான் கேட்டேன், ஒருநாளாவது உள்ளே உட்கார்ந்து பார்த்தால் என்ன என்று.

"நான் உள்ள போய்ட்டா வெளிய யாரு நிக்கிறது?" என்றார். அதில் அவருக்குக் குறை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் கேட்டிருக்கக் கூடாதோ என்று இருந்தது.

இனி அப்பா.

அப்பா கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் இருந்த தொழிற்சாலைக்கு ஆளேற்றும் பஸ் ஓட்டினார். சாயங்காலம் ஒரு ஷிப்டை வீட்டில் இறக்க வேண்டும், பிறகு இரவு ஷிப்டை ஏற்ற வேண்டும். ஊரில் எல்லாக் கலை நிகழ்ச்சிகளும் சாயங்காலத்தில்தான் நடக்கின்றன. ஆகவே செபராங் ஜெயாவிலிருந்து என்னை வாரா வாரம் வகுப்புக்கு மோட்டாரில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான் என்றாலும், நான் ஆடியதை அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை. கோயில் விழா, பள்ளி விழா எல்லாவற்றுக்கும் அம்மாதான். "அரங்கேத்தத்துக்கு வர்றேன் பாரு, முன்னால உக்காந்து பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்காக ஒரு பாத்திக் சட்டையும் வாங்கி வைத்திருந்தார். அட்டைப் பெட்டியைக் கூடப் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது.

அன்றைக்கு அவருக்குப் பதிலாக ஓட்ட ஒப்புக்கொண்டிருந்த ஆள் மத்தியானம் போன் செய்து, வயிறு சரியில்லை, வர முடியாது என்றார். அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க போங்க. நான் ஆளுங்கள எறக்கிட்டு, அப்படியே ஃபெரி புடிச்சு வந்துர்றேன். ராத்திரி ஷிப்டுக்குத் திரும்பணும், அவ்வளவுதான்."

அம்மா முணுமுணுத்தாள். ஒருநாள் அந்த ஆட்கள் காத்திருந்தால் குடி முழுகிப் போகாது என்றாள். அப்பாவால் அது முடியாது. பஸ் நிறுத்தத்தில் ஆட்களை நிற்க வைப்பது அவரைப் பொறுத்தவரை திருட்டுக்குச் சமம்.

சலங்கையைத் தட்டில் வைத்துப் பெற்றோரிடம் ஆசி வாங்கும்போது அம்மா மட்டும்தான் மேடைக்கு வந்தாள். மூன்றாவது மணி அடித்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அன்று முதல் முறையாக அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதிஸ்வரம் எல்லாம் கால் பழகியபடி தானாகப் போயின. பிறகு வர்ணம். ஒரு மாணவி என்ன கற்றாள் என்பது வர்ணத்தில்தான் தெரியும், அவ்வளவு நீளமானது, அவ்வளவு கடினமானது. வரேன் என்று சொல்லிவிட்டு வராத தலைவனுக்காகக் காத்திருக்கும் பெண், தோழியிடம் போய் அவனை அழைத்து வா என்று கெஞ்சுகிறாள். இதுதான் அதன் பொருள். நான் எதை நினைத்துக்கொண்டு ஆடியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

இடைவேளை விட்டதும் அம்மா ஓடிப்போய் வாசலில் பார்த்தாள். அப்பா இல்லை. கூட்டம் வெளியே பிதுங்கி வந்துகொண்டிருந்ததால் யாரிடமும் எதுவும் கேட்க முடியவில்லை. எனக்கு மீதி நிகழ்ச்சி எப்படிப் போனது என்றே ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை அப்பா ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டே, "நல்லா ஆடுன" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "நீங்கதான் வரலியே."

"யாரு சொன்னா? வந்தேன். பின்னால நின்னுதான் பாத்தேன். ஷிப்டுக்கு நேரமாச்சு, இடைவேளைக்கு முந்தியே கெளம்பிட்டேன்."

நான் நம்பவில்லை. உடனே அவர் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய வலது கையை உயர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி யாரையோ கூப்பிடுவது போலக் காட்டினார். "இப்படிக் கூப்புட்டியே. அப்புறம் இந்தப் பக்கம் திரும்பி, தலைய சாச்சு, காதுல கை வெச்சு, யாராச்சும் வர்றாங்களான்னு கேட்ட. அப்புறம் ஒக்காந்துட்ட. ஒனக்கு மூஞ்சி வாடிப் போச்சு. கண்ணு ரெண்டும் கதவப் பாத்துக்கிட்டே இருந்துச்சு." ஒன்றும் தப்பில்லை. அப்படியே ஆடிக் காட்டினார், தொப்பையோடும் கைலியோடும். அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்தக் காலைதான் அரங்கேற்றம்.

நம் வீடுகளில் நடப்பதுதான் எனக்கும் நடந்தது. அரங்கேற்றத்தோடு ஆட்டம் முடிந்தது. சின்தோக்கில் பல்கலைக்கழகம், பாயான் லெப்பாஸில் வேலை, கல்யாணம், பிள்ளை. சலங்கை எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத்தான் தெரியும். அப்பா ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில், ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னதை என்னால் மறக்க முடியாது. "ஒரு தடவயாவது நீ ஆடுனதப் பாத்துட்டாரேம்மா." அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாட்களைக் கடந்தேன்.

போன தீபாவளிக்கு முன்னால் டீச்சர் சொன்னார், கதவு ஆண்டி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, புக்கிட் மெர்தாஜாமில் தங்கை வீட்டில் இருக்கிறார் என்று. முறுக்கும் அச்சுமுறுக்கும் ஒரு டின்னில் போட்டுக்கொண்டு போனேன். முன்னறையில் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார். பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. இன்ன வருஷம் அரங்கேற்றம் செய்தவள் என்றேன். அதுவும் இல்லை. அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, அந்த அண்ணே மவளா நீ! வா, வா, ஒக்காரு. ஒங்கப்பா மாதிரி ஒரு மனுஷன நான் பாத்ததில்லம்மா. எப்படி இருக்காரு?"

தவறிப்போனதைச் சொன்னேன். சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு தங்கையைக் கூப்பிட்டு எனக்கு மைலோ கலக்கச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துப் பேசினார்.

"எத்தன பேரு எங்கிட்ட சண்டைக்கு வந்திருக்காங்க தெரியுமா? ஒங்கப்பா ஒரு வார்த்த பேசல. மூணாவது பெல்லு அடிச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தாரு. டிரைவர் சட்ட, வேத்துப் போயி. 'எம்மவதான் ஆடுது'ன்னாரு. 'அதுக்காகத்தாண்ணே சாத்தி வெச்சிருக்கேன்'னு சொன்னேன். 'ஆமா, அதுவும் சரிதான்'னாரு. அவ்வளவுதான். வேற யாராச்சும் இருந்தா என்னா ஆட்டம் ஆடியிருப்பாங்க!"

நான் மைலோவைக் கீழே வைத்தேன். "உள்ள விடலியா ஆண்டி?"

"எப்படிம்மா வுடறது? நீ வர்ணம் ஆடிக்கிட்டு இருந்த." இதில் என்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தார். "நாற்காலி போட்டேன், ஒக்காரல. ஒரு பெட்டியில புதுச்சட்ட வெச்சிருந்தாரு. தூணுக்குப் பின்னால போயி மாத்திக்கிட்டு வந்தாரு, சீப்பு வெச்சுத் தலையும் சீவிக்கிட்டாரு. கதவுகிட்ட வந்து நின்னாரு. பாட்டுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்தவரு, 'இப்ப என்னா பண்ணும் அது?'ன்னு கேட்டாரு. எனக்கு எப்படித் தெரியும், நான் என்னிக்கி உள்ள பாத்தேன்? ஆனா அந்த மொகத்தப் பாத்தப்போ எனக்கு மனசு கேக்கல. வராந்தா லைட்ட அணைச்சிட்டு, கதவ விரல் கனத்துக்குத் தொறந்து, ஒத்தக் கண்ண வெச்சுப் பாத்தேன். என் சர்வீஸ்லயே நான் அப்படிச் செஞ்சது அன்னிக்கு மட்டுந்தான்."

பெருமையாகச் சொன்னார். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

"பாத்துப் பாத்துச் சொன்னேன். கையத் தூக்கி யாரையோ கூப்புடுறாண்ணே. இப்ப தலைய சாச்சு காதுல கை வெச்சிருக்கா. ஒக்காந்துட்டாண்ணே, மொகம் வாடிப் போச்சு. கதவத்தாண்ணே பாக்குறா. ஒவ்வொண்ணுக்கும் அவரு 'அப்படியா, அப்படியா'ன்னு கேட்டுக்கிட்டாரு. கைய எப்படி வெச்சிருக்கான்னு கேட்டாரு. காட்டுனேன். அவரும் அதே மாதிரி வெச்சுப் பாத்தாரு. வாட்ச்சப் பாத்தாரு, 'ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க'ன்னு சொல்லிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுட்டு எறங்கிப் போனாரு. என்னா மனுஷன்!"

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கைலியோடு நின்று ஆடிக் காட்டிய அப்பா, அம்மா துடைத்துக்கொண்ட கண், கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது கேட்ட அந்த வாக்கியம், எல்லாம் என் கையை விட்டுப் போவது தெரிந்தது. அப்பா நான் ஆடியதைப் பார்க்கவில்லை. கடைசிவரை பார்க்கவே இல்லை. அழக் கூடாது என்று நினைத்தேன். இந்த வயதான பெண்மணியிடம் கோபப்படவும் கூடாது என்று நினைத்தேன். யாருக்காகக் கதவைக் காத்தார்? எனக்காகத்தானே. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆண்டி, நீங்க பாத்தீங்களே, அந்தச் சந்து. அதுல அவரையே பாக்கச் சொல்லியிருக்கலாமே."

பிடித்திருந்த என் கையை அவர் விட்டுவிட்டார். இத்தனை வருஷமாக இந்தக் கதையை யார் யாருக்கெல்லாம் சொல்லியிருப்பார். யாரும் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"தோணலியேம்மா" என்றார். "எனக்குத் தோணல. அவரும் கேக்கலியே. பக்கத்துலதான் நின்னாரு. கொஞ்சம் நவுந்து நின்னிருந்தா..." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெறும் கண்ணால் என்னைப் பார்த்தார். யாராலும் எதற்காகவும் மாற்ற முடியாத அந்த முகம் மாறியது.

"வீட்ல வந்து சொன்னாராம்மா? நான் சொன்னதெல்லாம் சரியாச் சொன்னாரா?"

"சரியாத்தான் சொன்னாரு ஆண்டி" என்றேன். "பாத்த மாதிரியே சொன்னாரு."